வாயால் எடுத்த படம்

எங்கள் ஸ்டூடியோவில் நான் ஒரு நாளைக்கு அதிகமாகச் சொல்லும் வார்த்தை "வாயை மூடுங்க" என்பதுதான். பாஸ்போர்ட்டுக்கும் ஆபீஸ் அடையாள அட்டைக்கும் படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கேமராவைக் கண்டதும் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. பல் தெரிந்தால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் எங்களிடமே வந்து சண்டை பிடிப்பார்கள். அதனால் முக்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுவேன். வாசலில் பில் போடும் என் அண்ணன், "உள்ள போங்க, என் தங்கச்சி இருக்கா. அவ மூஞ்சியப் பாத்தா வாய் தானா மூடிக்கும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

அடுத்தவர் வாயை மூடவைத்தே பிழைத்துக்கொண்டிருந்த நான், என் வாயைத் திறந்து அதாலேயே படம் எடுக்கத் தொடங்கினேன். வாயால் என்றால் வாய்ப்பேச்சால் இல்லை. நிஜமாகவே வாய்தான் கேமரா. உள்ளே போட்டோ பேப்பர், உதடுதான் கதவு. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் வாயைப் பார்க்கிறார்கள். அந்த இரண்டாவது பார்வைதான் எனக்கு ஆகாது.

ஏனென்றால் மேல்வரிசையில் எனக்கு முன்பற்கள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பு, லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது கால் இடறி, கைப்பிடிக் கம்பியில் போய் வாயைக் கொடுத்தேன். பக்கத்துப் பற்களும் ஆட்டம் கண்டுவிட்டதால் நிலையாகப் பொருத்த முடியாது என்று சொல்லி, பல் டாக்டர் கழற்றி மாட்டும் செட் ஒன்று செய்து கொடுத்தார். அண்ணத்தோடு ஒட்டும் ஒரு ரோஸ் நிறத் தகடு, அதன் விளிம்பில் வரிசையாகப் பற்கள். மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கழற்றினால் மேலுதடு உள்ளே விழுந்து, கண்ணாடியில் வேறு யாரோ நிற்பாள். அவளை எனக்குப் பிடிக்காது.

கல்யாணம் பேசியபோது அண்ணன் இதை மறைக்கவில்லை. "முன்பல்லு கட்டியிருக்கு மாப்ள, விழுந்துட்டா" என்றான். "அதனால என்ன" என்றார் அவர். அந்தக் 'கட்டியிருக்கு' என்ற சொல்லில்தான் இருக்கிறது விஷயம். சிமெண்ட் வைத்து ஒட்டினாலும் கட்டியதுதான், கழற்றி மாட்டினாலும் கட்டியதுதான். அவர் முதலாவது என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

திருத்தாமல் விட்டதற்கு வட்டி கட்டினேன். ராத்திரியில் கழற்றி வைக்கவேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் செட்டோடுதான் தூங்கினேன். ஈறு புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் செட்டைக் கழற்றிக் கழுவுவேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் கம்பிவடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். குளியலறையில் இவ்வளவு நேரம் என்ன செய்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேள்வி கேட்காத மனுஷன் வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு இருட்டறை உண்டு. வாடிக்கையாளர் படங்களெல்லாம் கம்ப்யூட்டரில்தான். அந்த அறை என் கிறுக்குத்தனத்துக்கென்று அண்ணன் விட்டுவைத்தது. கேமரா இல்லாமல், உடம்பை மட்டும் வைத்துப் படம் எடுக்கமுடியுமா என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளின்மேல் கையை வைத்து விளக்கைப் போடுவது, ஈரமுடியைப் பரப்பிப் போடுவது, கன்னத்தை அழுத்திக்கொண்டு படுப்பது. வருகிற முகத்தையெல்லாம் ஒரே அளவாக வெட்டி ஒரே மாதிரி ஆக்கி அனுப்புகிற வேலைக்கு இது எனக்கு ஒரு வடிகால்.

ஒரு நாள் செட் உறுத்தவே கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு கையும் ஈரம். வெட்டிய துண்டுத் தாள் ஒன்றை உதட்டால் கவ்வினேன். தடுக்கப் பல் இல்லாததால் அது உள்ளே நழுவிவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணன் கதவைத் திறந்தான். திட்ட வாயைத் திறந்து, ஓட்டை ஞாபகம் வந்து, சட்டென்று மூடிக்கொண்டேன். தாள் கெட்டுப்போகுமே என்று மூடவில்லை. நான் விழுந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவனே அண்ணன்தான், அவன் பார்க்காத ஓட்டையா? ஆனாலும் கூச்சத்துக்குக் கணக்கு வழக்கு தெரியாதே.

கெட்டதுதானே என்று அந்தத் துண்டை டெவலப்பரில் போட்டேன். வெளிச்சம் பட்ட இடம்தான் அந்தத் தாளில் கறுக்கும். கறுப்பாக ஒரு கதவு எழும்பியது. அதன் நடுவே வெள்ளையாக, தலைகீழாக, தொப்பையோடு என் அண்ணன். இரண்டு ஓரத்திலும் என் மிச்சப் பற்களின் நிழல். எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை.

பிறகு அதே பைத்தியமாகத் திரிந்தேன். செட் மாட்டியிருந்தால் படம் வராது, வழி அடைபட்டுவிடும். கழற்றிவிட்டுக் கீழுதட்டை மேலே ஏற்றினால், அந்த இடைவெளியில் ஆடாமல் அசையாமல் ஒரு சின்னத் துவாரம் கிடைக்கும். கன்னத்தின் வழியாக வெளிச்சம் நுழையாதா என்று அண்ணன் கேட்டான். நுழையும். ஆனால் சதைக்குள் வடிகட்டி வருகிற வெளிச்சம் சிவப்பு. எங்கள் தாளின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தானே இருட்டறையில் சிவப்பு பல்பு போடுகிறோம். ஆக, ஒவ்வொரு மனுஷனும் ஒரு இருட்டறையை மூஞ்சியிலேயே சுமந்துகொண்டு திரிகிறான். இதைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னுடைய அவமானம் எதுவோ அதுதான் என் கேமரா என்பது அப்புறம்தான் உறைத்தது.

தெருவுக்கும் போனேன், முகக்கவசத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு. கறுப்புத் துணிப்பைக்குள் தலையை விட்டுத்தான் வாயில் தாளை வைக்கவேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா, வாந்தி எடுக்கிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டியவர்கள் உண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப்போனவர்கள் உண்டு. நின்று விளக்கம் சொல்ல என்னால் முடியாது. வாய்க்குள் படம் இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடிவந்துவிடுவேன். படியும், தெருமுனையும், மருத்துவமனையில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளும் பல்வரிசைக்கு நடுவே மங்கலாகத் தெரியும் அந்தப் படங்களை, காயவைக்கும் கொடியில் மாட்டி நானே நின்று பார்ப்பேன்.

அங்கேதான் அவற்றைச் சால்வை பார்த்தார். ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிற அம்மா. எந்த வெயிலிலும் சால்வை போர்த்தியிருப்பார் என்பதால் நானும் அண்ணனும் வைத்த பெயர் அது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் கொடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்தார். கண்காட்சிக்கூடத்தில் எனக்கென்று ஒரு முழு அறை தருவதாகச் சொன்னார். மறுவாரம் எல்லாப் படத்தையும் மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு ஒரு கொக்கியும் போட்டார்.

"எல்லாமே காலி இடமா இருக்கே. ஓரத்துல இந்த நூல் நூலா இருக்கிறது என்ன?"

"முகக்கவசம் மேடம்."

"அதான். ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு. எனக்கு ஒரு முகமாவது வேணும். உங்க வாயப் பாக்குற முகம். அது இல்லாம ரூம் நெறையாது."

முகம் வந்தால்தான் அறை. நான் அண்ணனை உட்காரவைத்தேன். கவசம் போடாமலே எடுத்தேன், அவனிடம் எனக்கு அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் அவன், பழக்கதோஷம், முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். படத்தைப் பார்த்த சால்வை, "இது பாஸ்போர்ட்" என்று தள்ளிவைத்தார். "இவருக்கு நீங்க புதுசு இல்ல. இதுவரைக்கும் பாக்காத ஆள் யாராவது பாக்கணும்."

பார்க்காத ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஆள் என் வீட்டிலேயே இருந்தார்.

லீவு நாள் காலையில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு படத்துக்கு உக்காரணும்."

"நானா? எனக்குப் படத்துல நிக்கவே தெரியாதே."

"நிக்க வேணாம். உக்காந்தா போதும்."

"அந்த வாயால எடுக்கிறதா?"

"ஆமா."

"சரி" என்றார். நான் வாயால் படம் எடுப்பது அவருக்குத் தெரியும். பல்லுக்குப் பின்னால் தாளை வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தார். இதையும் நான் திருத்தியதில்லை.

எச்சிலில் தாள் ஊறிவிடும் என்பதால் எடுத்ததும் கழுவியாகவேண்டும். அதற்காக டிரேக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் பலகை போட்டு வரிசையாக வைத்திருந்தேன். உள்ளே போய்த் தாழிட்டேன். செட்டைக் கழற்றிக் கப்பில் போட்டேன். விளக்கை அணைத்து, தாளை வாய்க்குள் செருகி, உதட்டை மூடினேன். வெளியே வரக் கதவில் கை வைத்தபோது, கண்காட்சியும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், தாளைத் துப்பிவிட்டு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. வெட்கத்தைவிட ஆசை ஒரு பிடி கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். உள்ளே விழுந்திருந்த என் உதட்டைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு, பல்வலியா?" என்றார். பதில் சொல்ல வாயில் இடமில்லை. திறந்தேன்.

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொஞ்ச நேரமாவது திறந்து வைத்திருக்கவேண்டும். மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன், எண்ணிக்கை குழம்பிவிட்டது. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஒரு துணி, ஒரு கண்ணாடி, ஏதாவது மறைப்பு உண்டு. எனக்கு ஒன்றுமில்லை, நானே அந்தப் பெட்டி. அவர் கண் என் வாய்க்குள் போனது. முதலில் புரியாமல், பிறகு புரிந்து. தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. அவர் வலதுகை மெல்ல எழுந்து, அவர் வாயைப் பொத்தி, அப்படியே நின்றது. எச்சில் என் மோவாயில் வழிந்தது. துடைக்கவும் முடியாது. பூமி பிளந்து விழுங்கிவிடக்கூடாதா என்பார்களே, அதை நான் அதுவரை சும்மா பேச்சுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

உதட்டை மூடிக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழிட்டேன். சிவப்பு பல்பைப் போட்டு, தாளை டிரேயில் போட்ட கையோடு முதல் காரியமாகச் செட்டை எடுத்து மாட்டினேன். கதவுக்கு வெளியே அவர் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"அது கழட்டுறதா?" என்றார்.

நான் தாளை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"கட்டினதுன்னுதான சொன்னாரு மச்சான்."

"கட்டினதுதான். கழட்டிக் கழட்டிக் கட்டுறது."

சொன்ன பிறகு எனக்கே அது வாய்த்துடுக்காகப் பட்டது. அகப்பட்டுக்கொண்டால் எகிறுவது என் குணம்.

"தூங்கும்போது?"

"போட்டுக்கிட்டுதான்."

"தலகாணில அப்பப்ப ரத்தம் இருக்கும். கொசுன்னு நெனச்சேன்" என்றார்.

படத்தை இன்னொரு தாளோடு ஒட்டி வெளிச்சம் காட்டி, கறுப்பை வெள்ளையாகத் திருப்பினேன். வந்தது. மேலேயும் பக்கத்திலும் என் பற்களின் நிழல், நடுவே அவர் முகம். அகல விரிந்த கண். மூக்குக்குக் கீழே முகமே இல்லை, கைதான் இருந்தது. ஈரத்தோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்து மேஜையில் வைத்தேன்.

"சிரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே."

"பின்ன?"

"இருமல் வந்துச்சு."

இத்தனை வருஷம் படமெடுத்துப் பிழைக்கிறவளிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவேண்டாம். "இருமினா கை ஆடும். சிரிச்சா தோள் குலுங்கும். இவ்ளோ நேரம் திறந்திருக்கிற படத்துல ஆடினதெல்லாம் கலங்கித்தான் இருக்கும். பாருங்க, கைரேகை வரைக்கும் விழுந்திருக்கு. ஆடாம அழுத்திப் பிடிச்சிருக்கீங்க. எதுக்கு?"

"விடேன்."

"எதுக்குன்னு கேக்குறேன்ல."

"ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"என்ன மாதிரி?"

"கொமட்டுச்சு" என்றார். "போதுமா?"

வாயைப் பிடுங்கியது நான்தான். போதும். காதுமடல் வரைக்கும் சூடாகி, என் கை தானாக என் வாய்க்குப் போனது. உள்ளே செட் பத்திரமாகத்தான் இருந்தது. இருந்தும் பொத்திக்கொண்டுதான் நின்றேன். அவர் எழுந்து, துடைத்த ஸ்க்ரூ டிரைவர்களையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு அறுந்துபோயிற்று. சண்டையென்றால் பரவாயில்லை, கத்தித் தீர்த்துவிடலாம். இது சண்டை இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் அவருக்குப் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்று சாப்பிட்டேன், மென்று தின்பதை அவர் பார்க்கக்கூடாது என்று. அசிங்கமாக இருப்பது ஒன்று, அசிங்கம் என்று நம்மவர் வாயால் கேட்பது வேறு. ஸ்டூடியோவில் முக்காலியில் வந்து உட்கார்ந்தவர்களிடம் "வாயை மூடுங்க" என்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. பல் தெரிய எடுத்த படங்கள் திரும்பி வந்தன. அண்ணன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான்.

"மாப்ளையோட என்ன?" என்றான்.

"உன் வாய்தான் காரணம். கட்டியிருக்குன்னு சொன்னியே, கழட்டுறதுன்னு சொன்னியா?"

"அத நீ சொல்லிக்குவன்னு நெனச்சேன்" என்றான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம். அவன் சொன்னது சரிதான்.

சால்வை வந்து அந்தப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். "இத நடுச்சுவத்துல தனியா மாட்டணும். ரூம் உங்களுக்குத்தான்."

"குடுக்க முடியாது மேடம்."

"ஏன்? உங்க முகம்கூட இதுல இல்லையே."

"அவர் முகம் இருக்கு."

என் ஓட்டை வாயை நாலு பேர் பார்ப்பதற்கு நான் ஒருவழியாகத் துணிந்திருப்பேன். பொண்டாட்டியைப் பார்த்துக் குமட்டி வாய் பொத்தின மனுஷன் என்று அவரைச் சுவரில் மாட்டி, கீழே விளக்கமும் எழுதி வைப்பதா? அவர் செய்தது ஒரு கணம். சுவரில் மாட்டினால் அது அவர் பெயராகிவிடும். சால்வை யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். படத்தை மடிக்காமல் ஒரு பழைய பத்திரிகைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுபடி ஒரு லீவு நாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் போட்டு, எதிரே இன்னொன்றையும் போட்டார்.

"இன்னொரு தடவ எடு" என்றார்.

"வேணாம்."

"இந்தத் தடவ கையக் கட்டிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஆமா, கை கட்டி வாய் பொத்தி நிக்கிறதுதான் பாக்கி. வாய் பொத்துனது போன வாரம் ஆயிடுச்சு, இப்ப கைய கட்டிட்டா முழுசாயிடும்."

அவர் சிரிக்கவில்லை. "எடு" என்றார்.

உள்ளே போனேன். கழற்றிக் கப்பில் போட்டேன். தாளை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னபடியே கையைக் கட்டி, இரண்டு உள்ளங்கையையும் அக்குளில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு வாய் திறக்கவில்லை. பிடிவாதமில்லை, பயம்கூட இல்லை. உதடு என் சொல் கேட்கவில்லை, அவ்வளவுதான். தாள் ஊறி நாக்கில் கசந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தெற" என்றார்.

மறுபடி தலையை ஆட்டினேன்.

"இங்க பாரு. எனக்குக் கொமட்டாதுன்னு என்னால சொல்ல முடியாது. கொமட்டுனாலும் ஒக்காந்திருப்பேன். எந்திரிச்சுப் போகமாட்டேன். தெற."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. 'நீ அழகாத்தான் இருக்க' என்று சொல்லியிருந்தால் நான் தாளைத் துப்பிவிட்டு எழுந்திருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை. நான் திறந்தேன்.

அவர் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. தோள் ஒரு முறை குலுங்கியது. குமட்டல்தான், எனக்குத் தெரியாதா. கை மட்டும் அக்குளை விட்டு வெளியே வரவில்லை. எச்சில் என் மோவாயில் வழிந்து மடியில் சொட்டியது, அதையும் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. எனக்கு இன்னமும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தில் நான் தனியாக இல்லை, எதிரே இன்னொரு ஆள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது மூடவேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. "போதுமா?" என்று அவர்தான் கேட்டார்.

படம் பாதி வீண். நெடுநேரம் ஊறியதால் ஒரு பக்கம் தாளின் மேல்பூச்சே உரிந்துவிட்டது. கழுத்தும் தோளும் கலங்கி, புகைபோல இருந்தன. கண் இரண்டும் மட்டும் தெளிவாக விழுந்திருந்தன. நான் அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு கதவைத் திறந்து, "ஏங்க, இங்க" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார்.

"தெரியுதா?" என்றேன்.

அந்தத் 'தெ' எழுத்தாக வரவில்லை, காற்றாக வந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் செட்டை மாட்டிக்கொள்ளாமலே வெளியே வந்து பேசிக்கொண்டிருக்கிறேன். 'ஏங்க' என்பதற்கும் 'இங்க' என்பதற்கும் பல் வேண்டியதில்லை, அதனால் எனக்கே தெரியாமல் போயிற்று. கை மேலே எழுந்தது. கையில் தட்டு இருந்தது.

"தெரியுது" என்றார் அவர்.

பத்திரிகைக்குள் இருந்த முதல் படத்தை அவரே எடுத்துவந்து இதன் பக்கத்தில் வைத்தார். எங்கே ஒளித்துவைத்தேன் என்று தெரிந்துவைத்திருக்கிறார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தம்மா எதக் கேக்குறாங்க?"

நான் வாய் பொத்தின படத்தைக் காட்டினேன்.

"அதையே குடு."

"எல்லாரும் பாப்பாங்க" என்றேன். பாதி எழுத்து காற்றில் போனது. அவருக்குப் புரிந்தது.

"பாக்கட்டும். அத்தன பேர் முன்னாடி நீ மட்டும் தனியா அசிங்கப்படுவியா?" என்றார். பிறகு என் மோவாயில் காய்ந்திருந்த எச்சிலைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "தொடச்சுக்க."

துடைத்துக்கொண்டேன். டிரேக்களைக் கவிழ்த்தேன், பலகையைக் கழுவிச் சாய்த்தேன், மடிக்காமல் விட்ட துணிகளை மடித்தேன். நடுவில் அவர் ஏதோ கேட்டார், பதிலும் சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்வரை செட் கப்பிலேயே கிடந்தது.